இரண்டாம் பக்கத்தின் வேகம்

போன மாதம் என்னை ஸ்ரூடியோவுக்கு அழைத்து, உங்களுக்கு முன்னால் ஒரு கதிரையில் இருத்தி, பேசச் சொன்னீர்கள். நீங்கள் கேட்டவை பெரும்பாலும் கருவிகளைப் பற்றிய கேள்விகள். பழைய ஒலிநாடா இயந்திரங்கள் எப்படி இருந்தன, இந்த மென்பொருள்கள் இல்லாத காலத்தில் இரைச்சலை எப்படி எடுத்தோம் என்றெல்லாம் கேட்டீர்கள். தெரிந்ததைச் சொன்னேன். அவற்றைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்பது சிறிது நேரத்திலேயே விளங்கிவிட்டது.

முடிகிற நேரத்தில் உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "ஜெயா அன்ரி, கூட வேலை செய்த ஆரையாவது நீங்க ஹேற் பண்ணியிருக்கிறீங்களா?"

எல்லோரும் சிரித்தீர்கள். "இல்லை" என்று சொல்லி நானும் சிரித்தேன். அது பொய் அல்ல. நான் ஒருவரையும் வெறுக்கவில்லை. ஆனால் ஒருவர்மீது பொறாமைப்பட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக, ஒரு நாளும் லீவு எடுக்காமல். அன்றைக்கு அதைச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நின்றுகொண்டிருந்தார். உங்களுக்கு இப்போது வேலை பிரித்துக் கொடுக்கும் ஜூட்தான் அவர்.

எழுதப்போகிறேன் என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். "எழுதுங்கோ அக்கா," என்றார். "ஆனா என்னை நல்லவனாக் காட்டாதேங்கோ. பெடியள் நம்பமாட்டாங்கள்."

பழைய ஒலிப்பதிவுகளைத் திரும்பவும் வெளியிடக்கூடியதாக ஆக்கிக் கொடுப்பது நம்முடைய தொழில். வேலைக்கு வந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு விதியைச் சொல்லியிருப்பார்கள். ஒருவர் செய்த வேலையை, அதில் கை வைக்காத இன்னொருவர் முழுதாகக் கேட்டுச் சம்மதம் சொன்ன பிறகுதான் அது வெளியே போகும். நல்ல விதி. ஆனால் கேட்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

ஜூட் வருவதற்கு முன்பு, ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பழைய பதிவை நான் செய்தேன். அதைச் சரிபார்த்தவள் ஒரு போர்த்துக்கேயப் பெண். தினமும் மதியச் சாப்பாட்டைப் பங்கிட்டுச் சாப்பிடுவோம், அவ்வளவு ஒட்டு. ஒரு பாட்டின் கடைசிச் சொல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. எனக்கும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை. இசைத்தட்டு அச்சாகி வெளியே போய், அந்தக் குழுவில் பாடிய ஒருவர் தொலைபேசி எடுத்துச் சொன்ன பிறகு போட்டுப் பார்த்தோம். சின்னப் பிள்ளைக்கும் கேட்டிருக்கும். "நீ செய்தது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்," என்று அவள் அழுதாள். நம்மில் பிரியம் வைத்தவர்கள், வேலை நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள். அந்த ஆசை காதை அடைத்துவிடுகிறது. அன்றிலிருந்து என் வேலையைப் பிரியமானவர்களிடம் கொடுக்கப் பயந்தேன்.

சில வருடங்கள் கழித்து ஜூட் வந்தார். மன்னார் ஆள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவருடைய மனைவியை எனக்குத் தேவாலயத்தில் தெரியும். "அக்கா, இவருக்கு நல்ல காது. ஒரு கடையில கணக்கு எழுதிக்கொண்டு இருக்கிறார்," என்று அவள் சொன்னபோது, புருசனைப் பற்றிப் பெண்சாதி சொல்வதுதானே என்று நினைத்தேன். இருந்தாலும் முகாமையாளரிடம் பேசி உள்ளே எடுத்துவிட்டேன். அவள் சொன்னது குறைவு என்பது ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிட்டது.

நான் ஒரு காலை முழுதும் உட்கார்ந்து கண்டுபிடிப்பதை அவர் கோப்பி ஆறுவதற்குள் கண்டுபிடிப்பார். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில், "ஜூட் இருக்கிறாரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலில் ஒருவர் இருவர். பிறகு என் குரல் கேட்டதும் சற்றே ஏமாந்துபோய், "பரவாயில்லை, ஜூட் வந்ததும் எடுக்கச் சொல்லுங்கள்," என்பார்கள். இசைத்தட்டுக் கடைக்குப் போனால் அட்டைகளைத் திருப்பி, பின்பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பேன். வேலைக்குப் போகும் வழியில், ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலை நெரிசலில், அவர் செய்த தட்டுகளைக் காரில் போட்டுக் குறை தேடுவேன். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திங்கட்கிழமைகளில் மனைவி செய்த மீன் பணிஸ் கொண்டுவந்து, முதலில் என் மேசையில் வைப்பார். அதைத் தின்றுகொண்டே நான் குறை தேடியிருக்கிறேன்.

பிறகு அந்த இசைத்தட்டு வந்தது.

ஐம்பதுகளில் ரொறன்ரோவில் இருந்த ஒரு ட்ரம்பெட் கலைஞர் தன் வாழ்நாளில் செய்த ஒரே தட்டு அது. ஜாஸ் இசையில் அப்போது கூல் என்று ஒரு பாணி வந்திருந்தது. சத்தத்தைக் குறைத்து, அவசரத்தை விட்டு, ஆறுதலாக வாசிப்பது. அந்தப் பாணியிலும் இவர் மிகக் குறைவாக வாசித்தவர். கூட ஒரு பியானோ, ஒரு பாஸ், ஒரு ட்ரம்ஸ், வேறு ஒன்றும் இல்லை. தட்டு விற்கவில்லை. அவர் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தளபாடக் கடையொன்றில் வேலைக்குப் போனார். வயதாவதற்கு முன்பே இறந்தும் போனார். உலகத்துக்கு அவர்மேல் ஆசை வர அரை நூற்றாண்டு பிடித்தது.

எனக்கு அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அப்போது குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து ஆங்கில வகுப்புக்கு நடந்து போகும் வழியில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. அங்கே அதை வாங்கினேன். அட்டையில் இருந்த மனிதர் கமெராவைப் பார்க்காமல் நின்றது பிடித்திருந்தது. வேறு காரணம் இல்லை. அப்பார்ட்மென்ட்டில் இருந்த மற்றவர்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு போட்டுக் கேட்பேன். இரண்டாம் பக்கத்தை அதிகம் கேட்பேன். முதல் பக்கத்தைவிட அது கனமாகவும் இருட்டாகவும் இருக்கும். நான் ஒலிப்பதிவு படிக்கப் போனதற்கு அந்தத் தட்டுத்தான் காரணம் என்றால் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். அதுதான் காரணம்.

மொன்றியலில் ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர் அதன் மூல ஒலிநாடாக்களைக் கண்டெடுத்து எங்களுக்கு அனுப்பினார். பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பின்னேரம் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாத பெண். "அவர்கள் ஜூட்டைக் கேட்கிறார்கள்," என்றார். "நீ சரிபார்."

சரி என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. எனக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையை வேறொருத்தி கட்டிக்கொள்ள, அந்தக் கலியாணப் பந்தியில் என்னைப் பரிமாறச் சொன்னதுபோல் இருந்தது.

ஜூட் வேலையைத் தொடங்கியதும் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். பதிவு நடக்கும் இடத்து மின்சாரம், நாடாவில் ஒரு மெல்லிய ரீங்காரமாகப் பதிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் மின்சாரம் வினாடிக்கு அறுபது தரம் துடிப்பதால், ரீங்காரமும் அறுபதின் மடங்குகளில் வரும். நாடா மெதுவாக ஓடினால் ரீங்காரமும் கீழே இறங்கும். ஆகவே நமக்கு அது ஒரு அளவுகோல். முதல் பக்கத்தில், அது அறுபதின் மூன்று மடங்கான நூற்றெண்பதில் சரியாக நின்றது. இரண்டாம் பக்கம் சில வாரங்கள் கழித்து வேறொரு மண்டபத்தில் பதிவானது. அதில் அடித்தொனி இரைச்சல்களை அப்போதே வெட்டியிருந்தார்கள். மிஞ்சித் திரையில் தெளிவாகத் தெரிந்த ஒரே ரீங்காரக் கோடு, நூற்றெழுபத்தைந்தில் இருந்தது. பியானோவின் சுருதியும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கியிருந்தது.

"இவ்வளவு காலமும் சனம் இதை மெதுவாத்தான் கேட்டிருக்கு அக்கா," என்றார் ஜூட். அவர் முகத்தில் குழந்தைத்தனமான சந்தோசம். இரண்டாம் பக்கத்தின் வேகத்தைச் சிறிது கூட்டினார். ரீங்காரம் நூற்றெண்பதுக்கு வந்தது. பியானோ சுருதிக்கு வந்தது. இரண்டு சாட்சிகளும் ஒரே பேச்சைச் சொன்னார்கள். மொன்றியல்காரர் கேட்டுவிட்டுத் திரை விலகியதுபோல் இருக்கிறது என்று எழுதினார். "முதன்முறையாகச் சரியான வேகத்தில்" என்ற வாசகத்தோடு அட்டைகளையும் அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அது என்னிடம் வந்தது. சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி.

கேட்டேன். அழகாக இருந்தது. முதல் பக்கத்தில் ட்ரம்பெட் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. நான் செய்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது என்று தெரிந்தது, வயிறு எரிந்தது. இரண்டாம் பக்கமும் அழகு. ஆனால் எனக்குத் தெரிந்த அந்த இருட்டு அதில் இல்லை. பழகிப்போன பிழையைத்தான் நான் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேனா? இருக்கலாம். பிறகும் கேட்டேன். ஒரு தரம் கேட்டுக் கையெழுத்துப் போடுவது வழக்கம். நான் வேலையிலும் காரிலும் சமையலறையிலும் அதையே கேட்டேன். எனக்கு ஒரு குறை வேண்டியிருந்தது.

அது ஒரு குரலில் கிடைத்தது. மூல நாடாக்களில், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ட்ரம்பெட்காரர் மெல்லிய குரலில் எண்ணுவது பதிவாகியிருந்தது: ஒன்று, இரண்டு, ஒன்று இரண்டு மூன்று. தட்டில் அது வராது. எங்கள் கோப்புகளில் மட்டும் இருந்தது. முதல் பக்கத்தில் எண்ணியவர் முப்பது வயது தாண்டிய, நெஞ்சு அகன்ற மனிதர். ஜூட் திருத்திய இரண்டாம் பக்கத்தில் எண்ணியவர் அவருடைய தம்பி மாதிரி இருந்தார். வித்தியாசம் மிகச் சிறிது. வாத்தியத்தில் அது தெரியாது. மனிதக் குரலில் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நான் நினைத்தேன்.

முகாமையாளரிடம் போய், கையெழுத்துப் போட எனக்கு இன்னும் நேரம் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது தட்டைப் பற்றியதா, ஜூட்டைப் பற்றியதா?"

"எனக்கே இன்னும் தெரியாது," என்றேன்.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை மொன்றியலிலிருந்து அவர் வருகிறார். அதுவரைக்கும் வைத்திரு," என்றார்.

அந்தத் தட்டில் வாசித்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்தவர் பியானோக்காரர் மட்டும்தான். எண்பது தாண்டியவர், ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். வியாழக்கிழமை காலை நான் காரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, ஜன்னலடியில் எனக்காகக் காத்திருந்தார். அவர் பேசியது ஆங்கிலம். நினைவில் நின்றதைத் தமிழில் தருகிறேன்.

ஹெட்போனை மாட்டி, இரண்டாம் பக்கத்தின் இரண்டு வடிவங்களையும் எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். ஜூட் திருத்தியதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"இதுதான். இதில் நான் இளமையாக இருக்கிறேன்."

மற்றதைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"இதை வெளியே விடாதே. இதில் அவன் மட்டும்தான் இருக்கிறான்."

"யார்?"

"யார் என்றால்? அவன்தான். நான் இருநூறு சுரம் வாசித்துக் களைப்பேன். அவன் இரண்டை வாசித்துவிட்டுச் சும்மா நிற்பான். சனம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கோபமா?"

"கோபம் இல்லை," என்றார். "கோபம் என்றால் எப்போதோ போயிருக்கும்."

நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது. அதே நேரத்தில் பயமாகவும் இருந்தது. அந்தப் பதிவுக்கு இருந்த ஒரே சாட்சி அவர். அவர் சொல்வதை அப்படியே கொண்டுபோனால் ஜூட் சொன்னதுதான் சரியென்று ஆகும். ஆனால் அவர் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. தன்னைப் பற்றிப் பேசினார். எனக்கு அந்த வியாதி இருந்தபடியால்தான் அவரிடம் அதைக் கண்டுகொண்டேன்.

"அந்த மண்டபத்துப் பியானோ சுருதியில் இருந்ததா?" என்று கேட்டேன்.

"பியானோவில் ஒரு பிழையும் இல்லை," என்றார் உடனே. பிறகு வெளியே பார்த்தார். "கொஞ்சம் இறங்கியிருந்தது. இறங்கியிருந்தால் என்ன? அவன் தன் வாத்தியத்துக் குழாயை இழுத்துச் சரிசெய்ய வேண்டியதுதானே. செய்தான். செய்துகொண்டே என்னைப் பார்த்தான்."

"வேறு என்ன நினைவிருக்கிறது?"

"இருட்டு. பெரிய கலைஞன் அல்லவா, விளக்கை எல்லாம் அணைக்கச் சொன்னான். விளக்குகள் துடிக்கின்றன, கண் நோகிறது என்றான். எனக்கு என் விரல்களே தெரியவில்லை."

"விளக்கு ஏன் துடித்தது?"

"பழைய மின்சாரம்," என்றார், நான் ஒரு மக்குக் கேள்வி கேட்டதுபோல. "முதலில் பதிவு செய்த ஸ்ரூடியோ இருந்த தெருவைப் புதியதற்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துத் தெருவுக்கு இன்னும் மாற்றவில்லை."

காருக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, கைத்தொலைபேசியில் தேடினேன். உண்மைதான். அந்த நாட்களில் இந்த நகரத்தின் பல பகுதிகளில் மின்சாரம் வினாடிக்கு அறுபது தரம் துடிக்கவில்லை. இருபத்தைந்து தரம்தான் துடித்தது. தெருத் தெருவாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இருபத்தைந்தின் ஏழு மடங்கு நூற்றெழுபத்தைந்து. அப்படியென்றால் நாடா சரியான வேகத்தில்தான் ஓடியிருக்கிறது. பியானோ உண்மையாகவே இறங்கித்தான் இருந்திருக்கிறது. ஜூட்டின் இரண்டு சாட்சிகளும் தற்செயலாக ஒரே திசையில் கை காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு வந்தது நிம்மதி அல்ல. சந்தோசம், கூடாத சந்தோசம். ஒஷாவாவிலிருந்து வரும் வழியெல்லாம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மனதில் நடத்திக்கொண்டு வந்தேன். மொன்றியல்காரர் இருப்பார், முகாமையாளர் இருப்பார், ஜூட் இருப்பார். நான் எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் மெதுவாக, "அந்த மண்டபத்தில் என்ன மின்சாரம் இருந்தது என்று யாராவது கேட்டீர்களா?" என்பேன். அந்த வசனத்தைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஜூட்டின் முகம் எப்படி மாறும் என்றும் பார்த்தேன். அவ்வளவு இனிமையான பயணம் எனக்கு அந்தச் சாலையில் வாய்த்ததில்லை.

நகரின் கிழக்குப் புறத்தில் அஜின்கோர்ட்டுக்குக் கிட்ட வந்தபோது ஒரு விசயம் உறைத்தது. அந்த அறையில் நான் சொன்னால் என்ன நடக்கும்? எல்லோரும் ஜூட்டைப் பார்ப்பார்கள். எதிர்பாராமல் தாக்கப்பட்ட மனிதன் தன் வேலையைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். அவர் காப்பாற்றிப் பேசினால், அச்சடித்த அட்டைகளோடு வந்திருக்கும் மனிதர் யாரை நம்புவார்? அந்த அறையில் யாருடைய சொல் எடுபடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதுதானே என் நோயே. நான் பேசினால் எனக்கு ஒரு நல்ல நிமிடம் கிடைக்கும். தட்டு பிழையாகவே வெளியே போகும்.

காரை ஓரமாக நிறுத்தி ஜூட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அன்று லீவில் வீட்டில் இருந்தார், அஜின்கோர்ட்டில்தான் வீடு. பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். மதியச் சனம் வந்துபோகிற நேரம். அவர் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கி வைத்திருந்தார்.

"உம்முடைய இரண்டாம் பக்கத்துக்கு நான் கையெழுத்துப் போடேல்லை," என்றேன்.

"தெரியும்."

"வேகம் பிழை, ஜூட்."

அவர் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இந்த வேலை உங்களுக்கு வரவேணும் எண்டு நினைச்சனீங்கள். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

"ஓம்."

"அப்ப நான் எப்பிடி இதைக் கேக்கிறது?"

"எனக்குப் பொறாமைதான்," என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "பொறாமை இல்லாட்டி ஒருக்காக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பன். உம்மடை வேலையை உப்பிடி ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம், உம்மடை மனிசிகூட. என்னை நம்பவேண்டாம். இதைக் கேளும்."

ஹெட்போனைக் கொடுத்து, இரண்டு பக்கங்களின் எண்ணும் குரலையும் அடுத்தடுத்துப் போட்டேன். கேட்டார். திரும்பவும் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சளி பிடிச்சிருக்கலாம்," என்றார். "அண்டைக்குக் களைப்பா இருந்திருக்கலாம். குரல் சாட்சி இல்லை அக்கா. கரண்டின்ரை கோடு இருக்கு, பியானோ இருக்கு."

"பியானோ இறங்கித்தான் கிடந்ததாம். வாசிச்ச மனிசன் சொன்னார். அவருக்கு அதைச் சொல்ல விருப்பமும் இல்லை."

"கோடு?"

"அந்த மண்டபத்தில அப்ப அறுபது இல்லை. பழைய கரண்ட். இருபத்தைஞ்சு."

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. உதடுகள் அசைந்தன. கடைக்காரர் யாருக்கோ கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நூற்றெழுபத்தைஞ்சு," என்றார் ஜூட்.

அந்த முகத்தைத்தான் நான் வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்தேன். நேரில் பார்த்தபோது அவ்வளவு இனிக்கவில்லை. கொஞ்சம் இனித்தது.

"நாளைக்கு நீங்கள் சொல்லப்போறியளோ?" என்று கேட்டார்.

"இல்லை. நீர் சொல்லும்."

"கண்டுபிடிச்சது நீங்கள்."

"நான் சொன்னா பொறாமையில சொல்லுறன் எண்டுவினம். நீர் சொன்னா திருத்தம். அந்தாள் அட்டையெல்லாம் அடிச்சு வைச்சிருக்கு. உம்மடை வாயால வந்தாத்தான் கேக்கும்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "சரி," என்றார். எழும்பும்போது நான் தொடாமல் வைத்திருந்த ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. "நான் பிழை விட்டுவிட்டேன். இரண்டாம் பக்கம் முன்பு இருந்த வேகம்தான் சரி. இதை ஜெயா கண்டுபிடித்தார்," என்று எடுத்த எடுப்பில் சொன்னார். மொன்றியல்காரரின் முகம் சிவந்தது. அச்சடித்த அட்டைகளை என்ன செய்வது என்று கேட்டார். முகாமையாளர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் காகிதங்களைப் பார்த்தார். அந்த வாடிக்கையாளரை இழந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஜூட் விளக்குகளைப் பற்றிச் சொன்னார். துடிக்கும் மஞ்சள் விளக்குகள், கண் நோகிறது என்று அவற்றை அணைக்கச் சொன்ன மனிதர், இருட்டில் சுருதி இறங்கிய பியானோவுக்கு ஏற்பத் தன் வாத்தியத்தை இறக்கி வாசித்த இசை. நான் ஒஷாவாவிலிருந்து கொண்டுவந்த அதே விபரங்கள்தான். ஆனால் அவர் சொன்னபோது எனக்கே அந்த மண்டபம் தெரிந்தது. நான் சொல்லியிருந்தால் மின்சாரக் கணக்குச் சொல்லியிருப்பேன். மொன்றியல்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். புதிய அட்டை அடிப்பதாகவும், அந்தக் கதையைப் பின்பக்கத்தில் போடுவதாகவும் கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

தட்டு வெளியே வந்தது. இரண்டாம் பக்கம் அதன் பழைய இருட்டோடு, ஆனால் முன்பு ஒருபோதும் கேட்காத தெளிவோடு வந்தது. அந்தத் தெளிவு ஜூட்டின் வேலை. அதில் எனக்குப் பங்கில்லை. விமர்சகர்கள் இரண்டாம் பக்கத்தைப் பற்றியே எழுதினார்கள். வானொலியில் ஜூட்டைப் பேட்டி எடுத்தார்கள். நான் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டேன். "கூட வேலை செய்த ஒருவர்" என்று வந்தது. என் பெயரைச் சொன்னதாகவும் அதை வெட்டிவிட்டார்கள் என்றும் மறுநாள் ஜூட் வந்து சொன்னார். நம்புகிறேன். இன்னொரு பேட்டியிலும் வெட்டினார்கள். அட்டையின் பின்பக்கத்தில் நன்றி சொன்ன வரியில் என் பெயர் இருந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. ஒஷாவாவிலிருந்து பியானோக்காரர் ஸ்ரூடியோவுக்குத் தொலைபேசி எடுத்து, தன்னைத் திரும்பவும் கிழவனாக்கிவிட்டோம் என்று முறைப்பாடு செய்தார். அந்த அழைப்பை மட்டும் ஜூட்டுக்குக் கொடுக்காமல் நானே பேசினேன்.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். பொறாமைப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அது சொல்லி நிற்கிற விசயம் அல்ல. உங்களில் இருவர் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதை நான் அன்று கதிரையில் இருந்தபடியே கண்டேன். பொறாமை உங்கள் காதைக் கூராக்கும், கூராக்கட்டும். ஆனால் அது கேட்டதை இன்னொரு சாட்சி இல்லாமல் நம்பாதீர்கள். அந்தச் சாட்சிக்கும் ஒரு பொறாமை இருக்கலாம், அதையும் பாருங்கள். பிழை உறுதியானால், அதைச் செய்தவரிடம் முதலில் போங்கள். அவர் நல்லவர் என்பதற்காக அல்ல. வேலை சரியாக முடிய வேறு வழி அனேகமாக இருக்காது.

அந்த வருடத்திலிருந்து ஜூட் தன் வேலைகளை எல்லாம் சரிபார்க்க என்னிடமே கொண்டுவந்தார். வேறு ஆட்கள் இருந்தார்கள், என்னைவிட வேகமானவர்கள், அவரை விரும்புகிறவர்கள். அவர்களிடம் கொடுக்கவில்லை. சிலவற்றில் பிழை பிடித்தேன். பெரும்பாலானவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. முகாமையாளர் ஓய்வு பெற்றபோது பொறுப்பு ஜூட்டுக்குப் போனது. போக வேண்டியதும் அவருக்குத்தான். அதை இங்கே எழுத எனக்கு ஒரு பின்னேரம் முழுதும் பிடித்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை. போன கிழமை ஒரு கோப்பு அனுப்பினார். நீங்கள் சிலர் சேர்ந்து செய்து, அவர் முடித்துக் கொடுத்த வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டேன். நடந்துவிட்டு வந்து திரும்பவும் கேட்டேன். சத்தத்தைக் குறைத்துக் கேட்டேன், கூட்டிக் கேட்டேன். பிறகு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒண்டும் இல்லை ஜூட்," என்றேன். "நல்லாயிருக்கு."

மறுபக்கத்தில் அவர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைப்பது கேட்டது.

"இன்னொருக்காக் கேளுங்கோ அக்கா," என்றார்.